எந்திரிச்சதும் என்ன செய்வீக?

என் கண்ணான சுபைதா லாத்தாவுக்கு, உன் தங்கச்சியின் சலாம்.

கபுரில் அடங்கியவர்களுக்கு சலாம் சொல்லலாம், அது நபி காட்டிய சுன்னத்து. கடிதம் எழுதலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார். கேட்காமல் விட்டால் ஆகுமானதுதானே? நீ இருந்தால் இந்த இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

நீ முதலில் கேட்க நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் மைமூன் நன்றாக இருக்கிறாள். முடி இடுப்பைத் தொட்டுவிட்டது, பேன் பார்க்கக் கூப்பிட்டால் மட்டும் ஓடிவிடுகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். உன் மூக்கு, உன் வாய். வாய் என்றால் முழு வாயும்தான். "ஆட்டுக்கு எதுக்கு சின்னம்மா தாடி?" என்று ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகிற வரைக்கும் விடமாட்டாள். நீ போய் இரண்டு நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டது. இந்த வீட்டில் கேள்விக்கு மட்டும் ஒரு நாளும் குறைவில்லை.

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நம் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு சரசுவதி டீச்சர் என்று ஒருவர் வந்திருக்கிறார், திருவாடானைக்காரர். அவர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார். நான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று மனசில் வைத்திருந்ததை அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அதையே எழுதிக் கொடு என்று பிடித்துக்கொண்டார். நாலு ஊர் படிக்குமே என்று தயங்கி இவரிடம் கேட்டேன். இவர் என்றால் என் மாப்பிள்ளை. பேரைச் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியாததா? "எழுது. ஒளிச்சு வச்சதெல்லாம் போதும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

சேதி என்னவென்றால், இவர் கொழும்புக்குத் திரும்பிப் போகவில்லை லாத்தா.

எப்பவும் போலத் தை மாதம் வந்தார். தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி, ரயில் ஏறி, உச்சிப்புளியிலிருந்து மாட்டு வண்டியில் டிரங்குப் பெட்டியோடு வந்து வாசலில் இறங்கினார். எப்பவும் போல சொந்தக்காரர்கள் முறை வைத்து விருந்துக்குக் கூப்பிட்டார்கள். இன்றைக்குப் பெரியும்மா வீட்டில் நெய்ச்சோறு, நாளைக்கு மாமி வீட்டில் கறி ஆணம். சபர் போய் வந்த ஆளை நம் ஊரில் தாங்குகிற தாங்கு உனக்குத் தெரியும். கடல் தாண்டிப் பிழைக்கப் போவதற்குத்தான் சபர் என்று பெயர், இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்கள் இரண்டு மூன்று வருசத்துக்கு ஒரு தடவை வருவார்கள், கொஞ்ச மாதம் இருப்பார்கள், போய்விடுவார்கள். வீட்டில் விருந்தாளிதான். அது அவர் சொந்த வீடாகவே இருந்தாலும் விருந்தாளிதான்.

விருந்தாளியிடம் "எப்பப் போறீக?" என்று யாராவது கேட்பார்களா? நம் ஊரில் கேட்கக் கூடாது. கேட்டால் போய்த் தொலை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அங்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றும் கேட்கமாட்டோம். "யார் கடையில?" என்று மட்டும் கேட்போம். "காசிம் முதலாளி கடையில" என்றால் எல்லாம் கேட்டு முடித்த மாதிரி தலையாட்டிவிடுவோம். பையன்களும் அப்படித்தான் போனார்கள். மாமாவோடு ஒருவன், மச்சானோடு ஒருவன். யாரோடு போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், என்னவாகப் போனார்கள் என்பது ஒருத்தருக்கும் தெரியாது. இது எப்பேர்ப்பட்ட விந்தை என்று எனக்கு இந்த வருசம் வரைக்கும் உறைக்கவே இல்லையே!

எப்பவும் மூன்றாம் மாதம் ஆரம்பித்ததும், "கருவாடு காயப் போட்டியா? கடைப் பயலுக கேப்பானுக" என்பார். அதுதான் எனக்கு மணியடித்த மாதிரி, கிளம்பப் போகிறார் என்று தெரிந்துகொள்வேன். இந்தத் தடவை நானே கருவாட்டைக் காயவைத்து டின்னில் அடைத்து வைத்தேன். டின் அப்படியே கிடந்தது. சித்திரை போய் வைகாசியும் வந்துவிட்டது. விருந்துக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போவார், பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வருவார். பேச்சுக் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. எனக்கு உள்ளுக்குள் அரித்தது. ஆனால் கேட்கவில்லை. நான் என்ன நீயா?

அப்புறம் ஒரு நாள் தோணித் தரகர் சேகு வீட்டுக்கு வந்தார். முன் கூடத்தில் இருந்து பேசினார்கள். நான் நடைத் திரைக்குப் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளேன்.

"விசாவும் வேணாம், பாஸ்போட்டும் வேணாம். மன்னார் கரையில எறக்கி விட்டுருவாக. அங்கன நம்மாளு ஒருத்தன் நிப்பான். ஒரு வள்ளம் தயாராகுது. யோசிச்சு வைங்க, நான் திரும்ப வாரேன்" என்றார் சேகு.

கள்ளத்தோணி லாத்தா! அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இலங்கைச் சர்க்கார் இவருக்கு விசாவைப் புதுப்பிக்கவில்லை. திரும்பிப் போக வழியில்லை, இங்கே இருக்க வேலையும் இல்லை. போன வருசம் அப்படி வள்ளத்தில் போன இரண்டு பேர் அங்கே ஜெயிலில் இருக்கிறார்கள். இன்னொருவர் கரை சேர்ந்தாரா என்பதே தெரியவில்லை. அவர் பெண்டாட்டி, மாப்பிள்ளையை இழந்தவளாக வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் யாராலும் சொல்ல முடியவில்லை. அந்தப் பிள்ளை வெள்ளைச் சேலையும் உடுத்த முடியாமல், கலர்ச் சேலையும் உடுத்த முடியாமல் நிற்கிறது. நானும் அப்படி நிற்கப் போகிறேனோ?

சுபைதா லாத்தா இருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். வேறென்ன செய்வாய்? கேட்பாய். எவரிடம், எங்கே என்றெல்லாம் பார்க்கமாட்டாய்.

மறுவாரம் முடுக்கில் ஒரு கல்யாண வீடு. முடுக்கு என்றால் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் போய்வருகிற சந்து. உள் முற்றத்தில் பத்திருபது பெண்கள் இருந்து வட்டலாப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ரஹ்மத்து இருந்தாள், நமக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் மாப்பிள்ளையும் கொழும்பிலிருந்து வந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது.

"ஏன்டி ரஹ்மத்து, ஒன் மாப்பிள்ளை எப்பத் திரும்பிப் போறாக?" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

துருவல் சத்தம் அப்படியே நின்றது. ஒரு பெரிய மனுசி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தவ்பா! என்ன கேள்வி கேக்குறா இந்தப் பிள்ள" என்றார். ரஹ்மத்து தலையைத் தூக்கவில்லை. அவள் கையிலிருந்த தேங்காய் மூடியில் கண்ணீர் விழுந்தது.

"போகலடி. விசா கெடையாதுன்னுட்டான். வெளிய சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிருக்காக" என்றாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான்டி" என்றேன்.

அவ்வளவுதான் லாத்தா. அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி, இந்த மூலையிலிருந்து ஒருத்தி என்று வாய் திறந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆண் விருந்தாளி மாதிரி இருந்துகொண்டிருக்கிறார். ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் மட்டும்தான் இந்தக் கதி என்று நினைத்துக் கொல்லையில் நின்று அழுதிருக்கிறாள். எல்லோரும் ஒரே முடுக்கில்தான் குடியிருக்கிறோம், வெட்கக்கேடு!

டீச்சரும் கல்யாணத்துக்கு வந்து எங்களோடு பாயில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலைக்குப் பேர் பதிஞ்சாங்களா?" என்றார். நாங்கள் விழித்தோம். வேலை தேடிக் கொடுப்பதற்கென்றே சர்க்காரில் ஒரு ஆபீஸ் இருக்கிறதாம். ஆபீஸ் மதுரையில், ஆனால் அவ்வப்போது ராமநாதபுரத்துக்கு ஒரு ஆபீசர் கேம்ப் வந்து பேர் எழுதிக்கொள்வாராம். அடுத்த கேம்ப் எப்போது என்று தான் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

எங்களுக்கு வந்த சந்தேகங்களைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். "பேரை எழுதிக்கிட்டுப் பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போயிருவாகளா?" என்று ஒருத்தி கேட்டாள். "பொண்டாட்டி போட்டோ கேப்பாகளா?" என்று இன்னொருத்தி. "சொந்தக்காரரே இல்லாத ஆபீசரு நமக்கு எதுக்கு வேலை தேடித் தரணும்? அவருக்கு என்னத்துக்கு அந்தப் பாடு?" என்று அந்தப் பெரிய மனுசி கேட்டார். நல்ல கேள்விதானே?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "வீட்டு வெசயத்த முடுக்குல போட்டு ஒடச்சியா?" என்றார். ஆமா என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேம்ப் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அன்றைக்குத் தானாகவே வெளுத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரஹ்மத்து மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, ராமநாதபுரம் பஸ் ஏறினார்.

போன முகத்தோடு திரும்பி வரவில்லை. ஆபீசர் நல்ல மனுசர்தானாம், நாற்காலி போட்டுத்தான் பேசினாராம். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். இவர், "காசிம் முதலாளி கடையில இருந்தேன்" என்றிருக்கிறார். "அது கடைங்க. நீங்க என்ன வேலை பாத்தீங்க?" "கடையிலதான் சார்." அடுத்து ரஹ்மத்து மாப்பிள்ளையிடம் கேட்டால் அவர், "நான் எங்க மச்சானோட போனேன்" என்றாராம். ஆபீசர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். "உங்க ஊர்க்காரங்ககிட்ட வேலையக் கேட்டா ஆளு பேரைச் சொல்றீங்க. நான் எதைப் பதியிறது? யோசிச்சுட்டு அடுத்த கேம்புக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டாராம்.

இவர் இதை அவமானமாகச் சொன்னார். எனக்கோ அவமானத்தைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. ஆபீசர் கேட்டது சரிதானே? இவர் என்ன வேலை பார்த்தார்? இத்தனை வருசம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாது! கடையில் இருக்கிறார் என்றால் துணி அளந்து கிழித்துக் கொடுக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

நேராகக் கேட்டேன். "கடையிலதான்" என்றார். உன் வழிக்கு வந்தேன். நீ எதையும் நேராகக் கேட்கமாட்டாயே. "காலையில என்ன பசியாறுனே?" என்று ஒருத்தியிடம் ஆரம்பிப்பாய், மத்தியான லுஹர் பாங்கு சொல்வதற்குள் அவள் மாமியார் சண்டை வரைக்கும் வாங்கிவிடுவாய். மறுநாள் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே சும்மா பேச்சுப் போல ஆரம்பித்தேன்.

"கொழும்புல காலைல எந்திரிச்சதும் என்ன செய்வீக?"

"தொழுவேன்."

"தொழுதுட்டு?"

"அடுப்பு பத்த வைப்பேன்" என்றார்.

சொன்னதும் அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெற்றிலை கையில் அப்படியே இருந்தது. நான் ஒன்றும் கண்டுகொள்ளாதவள் மாதிரி, "பத்த வச்சுட்டு?" என்றேன்.

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது லாத்தா. கடைக்கு மேல் மாடியில்தான் கடை ஆட்கள் அத்தனை பேரும் தங்குவார்களாம். புதிதாக வருகிற பையனை முதலில் சமையலுக்கு விடுவது வழக்கமாம். அடுத்த பையன் வந்ததும் பழைய பையன் கீழே கடைக்கு இறங்கிவிடுவான். இவரும் அப்படித்தான் அடுப்படிக்குப் போனார். ஆனால் இவர் கை மணத்தை விட முதலாளிக்கு மனசில்லை. அடுத்த பையன் வந்தான், அவனுக்கு அடுத்தவனும் வந்தான், எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். இவர் மட்டும் மேலேயே இருந்தார். கடையில் யார் என்ன வேலை செய்கிறார் என்பதை ஊரில் போய்ச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டு. அதனால் யாரும் சொல்லவில்லை. துணியை இவர் தொட்டதே இல்லையாம், பெருநாளைக்கு எங்களுக்கு எடுக்கும்போது தவிர.

எனக்கு வந்த கோபத்தைக் கேள். சோறாக்கும் பண்டாரியாக இருந்ததற்குக் கோபம் இல்லை. "அப்ப இம்புட்டு வருசமா நான் ஆக்கிப் போட்ட ஆணத்தை எப்படித்தான் தின்னீக? உப்புக் கூடுன அன்னைக்கும், மீன் கரிஞ்ச அன்னைக்கும் வாயத் தெறக்காமத் தின்னீகளே! உள்ளுக்குள்ள சிரிச்சீகளா?" என்று கத்திவிட்டேன். மனுசர் பயந்துபோனார். "இல்ல ஆமினா, ஒருத்தி எனக்கு ஆக்கிப் போடுறாளேன்னு தின்னேன்" என்றார். அதற்கு மேல் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியவில்லை.

முடுக்கில் போய் ரஹ்மத்திடம் ஒரே ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன்: வேலையைக் கேட்காதே, எந்திரிச்சதும் என்ன செய்வீக என்று கேள். அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். ஒரு வாரத்தில் முடுக்கு முழுவதும் இதே கேள்விதான். ரஹ்மத்து மாப்பிள்ளை எந்திரிச்சதும் துறைமுகத்துக்குப் போவாராம். சிங்களத்தில் பேசி, சரக்கை விடுவித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வருவாராம். அவளுக்கு வாயெல்லாம் பல். ஒருத்தர் நாள் முழுக்கத் தையல் மிசினைப் பழுது பார்த்தவராம். கோடி வீட்டுக்காரர் மட்டும், "மொத வருசம் எந்திரிச்சதும் அழுவேன். பொறவு பழகிருச்சு" என்றாராம். அதை எங்களிடம் சொல்லிவிட்டு அவர் பெண்டாட்டி எழுந்து போய்விட்டாள். அவரவர் வீட்டில் யார் இருந்தார்கள் என்பதே இப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது.

டீச்சர் இதையெல்லாம் கேட்டு, "இதைத்தான் அந்த ஆபீசர் கேட்டாரு. இதையே அப்படியே போய்ச் சொல்லச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த கேம்புக்கு முன்னாலேயே எங்களுக்கு ஒரு சேதி வந்தது. ரஹ்மத்தின் நாத்தனார் வாலிநோக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே உப்பளத்தில் வெளியூர் ஆட்கள் கொட்டகை போட்டுத் தங்கி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டாராம். வேகாத சோற்றைத் தின்றுகொண்டு உப்பு வாருகிறார்கள், மேனேசர் நல்ல கையாகத் தேடுகிறார் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அல்லாஹ் அனுப்பிய சேதி என்று ஓடி வந்து சொன்னேன்.

இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"கொழும்புல ஆக்குனது கொழும்போட போச்சு. சபர் போய் வந்தவன் சொந்தச் சீமையில சட்டி தூக்குனா நம்ம வீட்ல பொண்ணு குடுப்பானா, எடுப்பானா? காக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். காக்கா என்றது இவருடைய அண்ணனை. பள்ளிவாசல் ஜமாஅத்தில் முன்வரிசை ஆள்.

"அப்ப வள்ளத்துல போறது மட்டும் மானமா?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு மச்சான். நீங்க கடல்ல போயிட்டா நான் இத்தா இருக்கணுமா வேணாமான்னு இந்த ஊரு வாசல்ல நின்னு பேசும். அந்தப் பிள்ள மாதிரி என்னால நிக்க ஏலாது" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தரகர் சேகு வந்தார். காக்காவும் வந்தார். அவரிடம் யார் சொன்னார்களோ, வள்ளத்துக்கு அவர் சம்மதம் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கையில் தட்டுகூட இல்லை, வெறுமனே நின்றேன்.

"ஆளு நெறஞ்சிருச்சு. ஒங்களுக்குன்னு ஒரு எடம் வச்சிருக்கேன். வாரீகளா இல்லையா?" என்றார் சேகு.

"வராம? இங்கன இருந்து என்ன செய்வான்? ஏலே, போனமா முதலாளியப் பாத்தமான்னு இரு. மத்தது அல்லா பாத்துக்குவான்" என்றார் காக்கா.

அந்த நேரத்தில் நான் ஓதாத துஆ இல்லை. திரையை விலக்கிக்கொண்டு போய் நானே சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். காலை எடுத்தும் வைத்தேன். ஆனால் இது நான் சொல்லி ஆகிற காரியமா? நான் சொன்னால் அது என் வாயோடு போய்விடும்.

"நான் வரல. எனக்கு இங்க வேலை இருக்கு" என்றார் இவர்.

"யாரு கடையில?" என்றார் காக்கா.

"கடை இல்ல காக்கா. வாலிநோக்கம் உப்பளத்துல சோறாக்குற வேலை."

காக்கா சிரித்தார், கோபத்தில் சிரிக்கிற சிரிப்பு. "ஒனக்கு என்னலே தெரியும் சோறாக்க?"

"கொழும்புல நான் வேற எதுவும் பாக்கல. போன நாள்ல இருந்து அதான் பாத்தேன். நல்லாப் பாத்தேன்" என்றார்.

சொல்லிவிட்டார் லாத்தா. காக்கா எழுந்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்குப் போனவர் இன்னும் நம் வாசலை மிதிக்கவில்லை. இவருக்கு அது தீராத வருத்தம்தான், இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். சேகு மட்டும் போகும்போது வாசலில் நின்று, "அந்த உப்பளத்துல இன்னும் ஆளு எடுப்பாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கள்ளத்தோணித் தரகருக்கும் ஒரு மகன் இருக்கிறானே!

எல்லோரும் போன பிறகு இவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குள் போனார். நம் வீட்டு அடுப்படியில் ஒரு ஆண்பிள்ளை கால் வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். காலையில் வாங்கிய விளைமீன் சட்டியில் இருந்தது. "அரிவாமனை எங்க?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "நீ போய் இரு" என்றார். நான் எங்கே போவேன்? நிலைப்படியில் இருந்து பார்த்தேன். அந்தக் கைகளை நான் பார்த்ததே இல்லை லாத்தா. என் மாப்பிள்ளையின் கைகள்தான், எனக்குப் புதுசாக இருந்தன. மல்லியை வறுக்கும்போது வாசத்தைப் பிடித்துத் தனக்குள் எதையோ சொல்லிக்கொண்டார். காசிம் முதலாளி மேல் மாடியில் பூட்டி வைத்திருந்த ஆளை நான் அன்றைக்குத்தான் சந்தித்தேன்.

தட்டில் சோறு போட்டு எனக்கு முன்னால் வைத்தார். ஒரு வாய் வைத்தேன். அழுகை வந்துவிட்டது.

"ஒறப்பாயிருச்சா?" என்று பதறினார்.

"இல்ல."

"பின்ன?"

"யாரு யாருக்கோ ஆக்கிப் போட்டீக. எனக்கு ஒரு நாளும் போடலையே மச்சான்" என்றேன்.

இப்போது அவர் வாலிநோக்கத்தில் இருக்கிறார். வியாழன் பொழுது சாய வருவார், சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போவார். வருகிற வெள்ளியெல்லாம் எனக்குச் சோறாக்கிப் போடுகிறார். உப்பளத்து ஆட்கள் ஒரு வாய் கூடுதலாகத் தின்கிறார்கள் என்று மேனேசர் முனகுகிறாராம். ரஹ்மத்து மாப்பிள்ளை அடுத்த கேம்புக்குப் போய், சரக்கு விடுவிக்கத் தெரியும் என்று கணீரென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து கூப்பிடுவார்களா என்று தபால்காரரைப் பார்த்தபடி இருக்கிறோம். கோடி வீட்டுக்காரருக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சரைச் சுற்றி இருந்து, எந்த ஊரில் என்ன வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்கிறோம். ஆறேழு ஊரில் நம் பெண்கள் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை காலம் அவர்களிடம் யார் வீட்டில் என்ன கறி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோமே!

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் டீச்சர் வகுப்பில் பிள்ளைகளிடம், "உங்க வாப்பா என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டாராம். மைமூன் எழுந்து, "கொழும்பு" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம், "டீச்சர் அது வேலை இல்லங்கிறாக சின்னம்மா. பின்ன வாப்பா அங்கன என்னதான் செய்யிறாக?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உன் மாப்பிள்ளை நீ போனதிலிருந்து ஊர்ப்பக்கம் வரவில்லை. வருகிற மாதம் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.

உன்னிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் ஒருத்தரையும் விடாமல் கேள்வி கேட்ட நீ, அவரிடம் இதைக் கேட்டிருக்கிறாயா லாத்தா? கேட்டுத் தெரிந்துகொண்டு எங்களிடம் சொல்லாமல் போய்விட்டாயா? இல்லை, ஊரையெல்லாம் கேட்டது அவரைக் கேட்க முடியாமல்தானா?

பதில் எனக்கு வராது. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அவர் வந்து இறங்கியதும், விருந்துக்கு யார் கூப்பிட்டாலும், முதல் வேளைச் சோறு நம் வீட்டில்தான். மைமூனை அவர் பக்கத்தில் இருத்துவேன். எந்திரிச்சதும் என்ன செய்வீக என்று அவள் கேட்பாள், நான் கூட இருப்பேன். அவர் என்ன சொன்னாலும், மேல் மாடியோ அடுப்படியோ மூட்டை தூக்குவதோ, உன் மகள் தன் வாப்பாவைத் தெரியாமல் வளரமாட்டாள்.

உன் பின்னால் பிறந்தவள், உன் மகளுக்கு இப்போது உம்மாவாக இருப்பவள்,
ஆமினா
பெரியபட்டினம்